பூனை யாருக்கும் பதிலி அல்ல

“பெண். நல்ல நிறம். பாசமானவள், விளையாட்டுத்தனம் உண்டு. வீட்டோடு இருந்து பழகியவள். எல்லோரோடும் அனுசரித்துப் போவாள். நல்ல குடும்பம் அமைந்தால் போதும்.” இப்படிப்பட்ட வரிகளை மயிலாப்பூரில் இரண்டு இடங்களில் படிக்கலாம். ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளின் மணமகள் பக்கம் ஒன்று. கால்நடை மருத்துவரின் அறையில் பூனைக்குட்டிகளைத் தத்துக்கொடுப்பதற்காக ஒட்டியிருக்கும் தாள் இன்னொன்று. முன்னதில் வயது இருபத்தாறு, பின்னதில் எட்டு மாதம். மற்றபடி பெயரடைகள் ஒன்றுதான்.

இலக்கணம் நடத்திப் பிழைப்பவள் நான். பெயரடைகளைச் சும்மா கடந்துபோக எனக்கு வராது. ‘பாசமான’ என்ற சொல்லை ஓர் உயிருக்கு முன்னால் தகுதிச் சான்றாக ஒட்டும்போது, அந்தப் பாசத்தை யார் பெற்றுக்கொள்ளப் போகிறார்கள், அது குறைந்தால் என்ன ஆகும் என்பதும் உடன் வந்துவிடுகிறது. குறைந்தால் திருப்பி அனுப்புவார்கள். பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு, பூனையைத் தெருவுக்கு.

இந்தக் கட்டுரை பூனை வளர்ப்பதற்கு எதிரானதன்று. என் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது, ஒன்றரை வயது. ஒக்கூர் மாசாத்தியாரின் நினைவாக மாசாத்தி என்று பெயர். பெண்கள், குறிப்பாகத் தனியாக வாழும் பெண்கள், விருப்பமிருந்தால் பூனையை எடுத்து வளர்க்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் ஒரு பெண் பூனையைத் தூக்கிக்கொண்ட கணத்திலிருந்து அவளைச் சுற்றி எழும் பேச்சு முழுவதும் ‘எதற்குப் பதிலாக?’ என்ற கேள்வியாகவே இருக்கிறது. குழந்தைக்குப் பதிலாகவா, புருஷனுக்குப் பதிலாகவா, வாழ்க்கைக்கே பதிலாகவா? நான் எதிர்ப்பது இந்தக் கேள்வியை. அதன் அடியில் இருக்கும் சாதியை, சகுனத்தை, வீட்டு வேலைக் கணக்கை.

*

தத்து என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். நம் நாட்டில் தத்தெடுத்தல் நெடுங்காலம் குழந்தைக்கு வீடு தேடும் ஏற்பாடாக இருக்கவில்லை. கொள்ளிவைக்க ஆளும் சொத்துக்கு வாரிசும் தேடும் ஏற்பாடாகவே இருந்தது. எடுப்பவன் ஆண், எடுக்கப்படுபவனும் ஆண். பெண் தத்தெடுக்க வேண்டுமானால் யாருடைய சம்மதம் வேண்டும் என்பது நீதிமன்றம்வரை போன வழக்கு. இராமநாதபுரம் சமஸ்தானத்தில் கணவனை இழந்த ராணி பர்வதவர்த்தினி தத்தெடுத்தது செல்லுமா என்று அரசே வழக்காடியது. 1868இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது: தென்னாட்டில் இறந்த கணவனின் அனுமதி இல்லாவிட்டாலும் அவனுடைய பங்காளிகள் சம்மதித்தால் செல்லும். அதை முற்போக்கான தீர்ப்பு என்றார்கள். செத்தவன் சம்மதிக்க வேண்டாம், அவன் உறவினர்கள் சம்மதித்தால் போதும்! சுதந்திர இந்தியாவில் 1956இல் வந்த இந்து தத்தெடுப்புச் சட்டத்திலும் திருமணமான பெண் தன் பெயரில் தத்தெடுக்க முடியாது. கணவன் எடுப்பான், மனைவி ஒப்புக்கொள்வாள். 2010இல்தான் திருத்தினார்கள். அப்போதும் கணவனின் சம்மதம் வேண்டும்.

பூனைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். மாசாத்தியை எடுக்கப்போனபோது ஒரு தன்னார்வலர் எனக்கு ஒரு படிவம் தந்தார். பெயர், முகவரி, வேலை. ஜன்னல்களுக்கு வலை உண்டா? வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள்? இவையெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள், மகிழ்ச்சியாக எழுதினேன். அதற்கடுத்த வரியில் ‘கணவர் அல்லது தந்தையின் சம்மதம்’ என்று இருந்தது. எனக்கு வயது நாற்பத்து மூன்று. என் அப்பா இறந்து ஒன்பது ஆண்டுகள். “அந்த இடத்தில் என்ன எழுதட்டும்?” என்று கேட்டேன். “தப்பா நினைக்காதீங்க மேடம். கல்யாணமானதும் பொண்ணுங்க பூனையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுடறாங்க. மாமியார் வீட்ல ஒத்துக்கறதில்ல” என்றார் அவர்.

அவர் பொய் சொல்லவில்லை. திருமணத்தின்போது பெண் இழப்பவற்றின் பட்டியலில் அவள் வளர்த்த விலங்கும் உண்டு. ஆனால் இதற்குத் தீர்வு பெண்ணிடம் ஆண் கையெழுத்துக் கேட்பதா? ஒரு பையன் பூனை கேட்டு வந்தால் “உன் வருங்கால மாமியார் சம்மதிப்பாரா?” என்று யாரும் கேட்பதில்லை. அவன் வீடு அவனோடேயே இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கேட்க வேண்டியது, பெண்ணுக்குத் தன் வீடு என்று ஒன்று இருக்கிறதா என்பதை. அதைப் படிவத்தில் கேட்க முடியாது. சமூகத்திடம்தான் கேட்க வேண்டும்.

*

அடுத்தது குழந்தை. 2021இல் அமெரிக்க அரசியல்வாதி ஜே.டி. வான்ஸ், நாட்டை நடத்துபவர்கள் குழந்தையில்லாப் பூனைப் பெண்கள் என்று ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் ஏளனம் செய்தார். 2024 ஜூலையில் அவர் துணை அதிபர் வேட்பாளரானதும் அந்தப் பேட்டி மீண்டும் கிளம்பியது. அந்த ஆண்டு செப்டம்பரில் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் தன் பூனையைத் தூக்கிவைத்திருக்கும் படத்தைப் போட்டு, அதே வசையைத் தன் கையொப்பமாக இட்டுக் கமலா ஹாரிஸுக்கு ஆதரவு சொன்னார். தேர்தலில் வென்றது வான்ஸ் கட்சிதான். கைதட்டு வாங்கிய வசை உண்மையாகிவிடாதுபோல, கேலியாகத் திருப்பிய வசை உடனே மாய்ந்தும் விடாது.

நம்மூரில் இதையே இன்னும் மென்மையாகச் சொல்வார்கள். “பாவம், அதையாவது வெச்சுண்டு பொழுது போறது.” அந்த ‘யாவது’ என்ற இடைச்சொல்லுக்கு எவ்வளவு பலம்! என் வேலை, என் கவிதை, என் மாணவிகள், என் பூனை எல்லாம் அந்த ஓர் இடைச்சொல்லில் ஆறுதல் பரிசாகிவிடுகின்றன. பிள்ளை பெற்றவள் பூனை வளர்த்தால் அது பொழுதுபோக்கு. பெறாதவள் வளர்த்தால் நோய்க்குறி. ஆண் வளர்த்தால் ‘என்ன இளகிய மனசு!’

பூனைமீது இந்த ஊர் வைத்திருக்கும் எண்ணமும் தெளிவாகவே இருக்கிறது. மயிலாப்பூர் வைணவத்துக்கும் பழைய இடம். பேயாழ்வார் பிறந்த ஊர் என்பார்கள். தென்கலை மரபில் மார்ஜார நியாயம் என்று ஒன்று உண்டு. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்வதுபோல இறைவன் அடியாரைத் தானே தாங்குவான், அடியார் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பது அதன் பொருள். அழகான கருத்துதான். ஆனால் அதே தெருவில் அதே பூனை குட்டியில்லாமல் தனியாகக் குறுக்கே நடந்தால் அபசகுனம். கவ்விய வாயோடு வந்தால் கடவுள், வெறும் வாயோடு வந்தால் கேடு. கைம்பெண் எதிரே வந்தால் திரும்பி வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிற வழக்கத்துக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். யாருக்கும் உரியதாக இல்லாத உயிர் தன்பாட்டுக்கு நடந்துபோவதை இந்தச் சமூகத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

*

இப்போது வாடகை வீடு. மயிலாப்பூரில் தனிப்பெண்ணுக்கு வீடு கிடைப்பது அரிது. பூனையோடு கிடைப்பது அதனினும் அரிது. ‘வெஜிடேரியன்ஸ் ஒன்லி’ என்று எழுதிய பலகைகள் இங்கே யாருக்கும் வெட்கமில்லாமல் தொங்குகின்றன. அவை சாதிப் பலகைகள். உணவைச் சொல்லிச் சாதியைச் சொல்லாமல் சொல்பவை. நான் பார்த்த ஒரு வீட்டில் அந்த அம்மாள் என் படிப்பையும் வேலையையும் கேட்டுத் திருப்தியானார். பூனை என்றதும் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “நீங்க என்ன சாப்பிடறேள்னு நான் கேக்கப்போறதில்ல. ஆனா அது மீனுக்குக் கத்தும், எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.”

எவ்வளவு நேர்மையான வாக்கியம்! நான் அசைவம் சாப்பிடுவதை மறைத்துக்கொள்வேன் என்ற நம்பிக்கையில்தான் எனக்கு வீடு. பூனைக்கு மறைக்கத் தெரியாது. அதனால்தான் அதற்கு இடமில்லை.

பூனைக்குத் தயிர்சாதம் போட்டு வளர்க்கிறோம் என்று பெருமையாகச் சொல்லும் வீடுகளை நான் அறிவேன். அது பெருமைக்குரியதன்று, கொடுமை. பூனை ஊனுண்ணி. டாரின் என்ற சத்தை நம் உடல் தானே செய்துகொள்ளும், நாயின் உடலும் பெரும்பாலும் செய்துகொள்ளும். பூனையின் உடலால் போதிய அளவு செய்ய முடியாது, இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெட்டுப் பூனைக்குக் கண் போகும் என்பது 1970களில் தெரிந்தது. இதயம் வீங்கித் தளர்ந்து இறந்துபோகும் என்பதை 1987இல் நிறுவினார்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே செரிக்காது. பாற்கடலை நக்கிக் குடிக்க ஆசைப்பட்ட பூனையாகத் தன்னைச் சொல்லிக்கொண்ட கம்பனின் அவையடக்கம் கவிதைக்குச் சரி, கிண்ணத்துக்குச் சரிவராது. தன் வீட்டின் ஆசாரத்துக்காக ஓர் உயிரின் கண்ணை அவிப்பதை ஜீவகாருண்யம் என்று அழைக்கிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

என் பூனைக்கு மீன் நொச்சிக்குப்பத்திலிருந்து வருகிறது. கபாலீசுவரர் கோயிலிலிருந்து அந்தக் குப்பத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் மாட வீதிக்காரர்கள் பலருக்கு அது வேறு நாடு. 2023 ஏப்ரலில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று லூப் சாலையோர மீன் கடைகளை அகற்றினார்கள். நீதிமன்றம், மாநகராட்சி, போலீஸ் எல்லாம் வந்தன. கடை வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தங்கள் கடற்கரையில் தங்கள் கணவன்மார் பிடித்த மீனை விற்கப் போராட வேண்டியிருந்தது. 2024இல் அங்கேயே புதிய மீன் அங்காடி திறந்தார்கள். அங்கே காரப்பொடி வாங்கும்போது கடைக்கார அக்கா, “பூனைக்கா? அப்ப தலையோட எடுத்துக்கோ கண்ணு” என்று ஒரு கை கூடுதலாக அள்ளிப் போடுவார். ‘எதற்குப் பதிலாக?’ என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பூனைக்குப் பசிக்கும் என்பது அவருக்குப் போதுமான காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மை முடிவெடுத்தாலும் செல்லப்பிராணி வளர்ப்பதைத் தடைசெய்ய முடியாது என்கிறது. அது நாய்களை முன்னிட்டு எழுதப்பட்டது. ஆனாலும் அதன் நியாயம் பூனைக்கும் பொருந்தும். வாடகைக்கு இருப்பவளுக்கு இதனால் பெரிய பயனில்லை, பதினோரு மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் முடிந்தது. இருந்தாலும் மாணவிகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சங்கத் தலைவர்கள் பலருக்கு இது தெரியாது. ஒரு தாளை நீட்டினால் குரல் இறங்கிவிடும்.

அந்த வாரியத்தின் வரலாறு நம் ஊரோடு கலந்தது. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் அடுத்த ஆண்டே விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் வாரியம் அமைந்தபோது அவரே தலைவர். 1986இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 2018இல் ஹரியானாவுக்கு மாற்றப்படும்வரை வாரியத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது. இதை மதிக்கிறேன். அதே ருக்மிணி தேவி சதிரிலிருந்து சிருங்காரத்தைக் கழுவித் ‘தூய்மை’ செய்தவர் என்பதையும், பாலசரஸ்வதி அதை வெளிப்படையாக எதிர்த்தார் என்பதையும் மறக்கவில்லை. வாயில்லா உயிரின் வலி கேட்கிற காதுக்கு, வாயிருந்தும் பேசவிடப்படாத பெண்களின் குரல் கேட்காமல் போகக்கூடும். மயிலாப்பூர்க் கருணையின் நீண்டகால நோய் இது. தூய்மையோடு சேர்ந்துதான் அது கருணையாக இருக்கும்.

ப்ளூ கிராஸ் கதையையும் சொல்ல வேண்டும். 1959இல் இதே சென்னையில் தொடங்கிய அமைப்பு. கேப்டன் சுந்தரம் தொடங்கினார் என்று எல்லோரும் சொல்வார்கள். உஷா சுந்தரம் ‘அவருடைய மனைவி’யாக அடுத்த வரியில் வருவார். அவரும் விமானி, இந்தியாவின் முதல் பெண் விமானிகளில் ஒருவர். விமானம் ஓட்டிய பெண்ணையே துணைவி என்ற சொல்லுக்குள் அடக்கிவிடுகிற ஊரில், தெருவில் தினமும் இரவு பத்து மணிக்குப் பூனைகளுக்குச் சோறு வைக்கிற பெண்களுக்கு என்ன பெயர் கிடைக்கும்? ‘பைத்தியம்’ என்ற பெயர் கிடைக்கும்.

*

இனி என் தோழிகள் சிலர் எழுப்பும் ஆட்சேபம். பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்ப்பது சரியா? ‘வெளியே ஆபத்து, உள்ளே பாதுகாப்பு’ என்று சொல்லித்தானே நம்மை அடைத்தார்கள்? அதையே நீ ஒரு பூனைக்குச் சொல்லலாமா?

கூர்மையான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்கிறேன். பெண்ணும் பூனையும் ஒன்றல்ல. பெண்ணைப் பூனை என்றும் கிளி என்றும் மான் என்றும் சொல்லிச் சொல்லியே நம்மை வளர்ப்புப் பிராணிகளாக்கினார்கள். அந்த உவமையை நாம் எதிர்த்திசையில் ஓட்டினாலும் அது அதே உவமைதான். நமக்குத் தெருவில் உரிமை உண்டு. ஆபத்தை அளக்கவும், துணிந்து ஏற்கவும், தெருவை மாற்றச் சொல்லிப் போராடவும் தெரிந்த குடிமக்கள் நாம். லஸ் முனையில் மெட்ரோவுக்காகத் தோண்டிய சாலையில் நாலு பக்கமும் வரும் இருசக்கர வாகனங்களைப் பற்றி எட்டு மாதப் பூனைக்கு ஒன்றும் தெரியாது. எலி மருந்து தின்று செத்த எலியைத் தின்றால் தானும் சாகும் என்பதும் தெரியாது. இந்தத் தெருவைப் பூனை கட்டவில்லை, நாம் கட்டினோம்.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. பெண்ணை உள்ளே வைத்த வீட்டில் உள்ளே இருந்தவள் வேலை செய்தாள், வைத்தவன் பலன் பெற்றான். பூனையை உள்ளே வைத்தால் வைத்தவர்தான் வேலை செய்ய வேண்டும். உள்ளே அடைத்ததற்கு அது ஈடு. பால்கனிக்கு வலை, ஏறி உட்கார உயரமான இடம், தெருவைப் பார்க்க ஒரு ஜன்னல். நாளுக்கு இரண்டு முறையாவது விளையாட்டு. விளையாட்டு என்றால் கொஞ்சுவதன்று. பதுங்குவது, துரத்துவது, பாய்வது, கடிப்பது என்ற வேட்டையின் வரிசையைக் கயிற்றிலோ இறகிலோ நடத்திக் கடைசியில் சாப்பாட்டில் முடிப்பது. விடியலிலும் அந்தியிலும் இளம்பூனையின் உடம்பு வேட்டைக்கு எழும். அதிகாலை நாலு மணிக்கு உங்கள் கால்விரலைக் கடித்தால் அது சேட்டையன்று, நீங்கள் செலுத்தவேண்டிய கடன். இதைச் செய்ய மனமில்லாதவர்கள் பூனை எடுக்க வேண்டாம். விளையாட்டுத்தனம் என்று அறிவிப்பில் படித்து ஆசைப்பட்டு எடுத்து, விளையாடியதற்காகவே தெருவில் விட்டவர்கள் இந்த ஊரில் உண்டு. பசியால் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல்முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்வரை என்று அந்தச் சட்டம் எழுதிவைத்தது.

*

வேலை என்றதும் இந்த நூலின் வாசகிகள் கேட்பார்கள், அந்த வேலையை யார் செய்வது?

கல்லூரி மாணவி ஆசையாய்ப் பூனை கொண்டுவருகிறாள். மூன்றாவது வாரத்திலிருந்து லிட்டர் பாக்ஸை அம்மா சுத்தம் செய்கிறாள். அல்லது வீட்டு வேலைக்கு வரும் பெண், கூடுதலாக ஒரு ரூபாய்கூடப் பேசப்படாமல் செய்கிறாள். இதைச் சமரசமில்லாமல் சொல்கிறேன்: உன் பூனையின் மலத்தை நீ அள்ளு. அம்மாவோ வேலைக்கு வரும் அக்காவோ அள்ளினால் நீ பூனை வளர்க்கவில்லை. இன்னொரு பெண்ணின் முதுகில் ஏற்றிவைத்திருக்கிறாய்.

கர்ப்பம் என்றதும் முதலில் வெளியேற்றப்படுவது பூனை. டாக்சோபிளாஸ்மா என்ற கிருமியின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். கிருமி உண்மை, கருவுக்குத் தீங்கு செய்யும் என்பதும் உண்மை. ஆனால் சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும் கழுவாத காய்கறியிலிருந்தும்கூட அது வரும். சமைத்த உணவோ பாக்கெட் உணவோ தின்று வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு அது தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. தொற்றினாலும் மலத்தில் வெளிவரும் முட்டைகள் நோய் பரப்பும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். ஆகவே தீர்வு எளிது: தினமும் சுத்தம் செய்ய வேண்டும், கர்ப்பிணி செய்யக் கூடாது, கணவன் செய்ய வேண்டும். இத்தனை எளிய தீர்வு இருக்கும்போது பூனையை வெளியேற்றுகிறார்கள் என்றால், பூனையைக் கைவிடுவது ஓர் ஆணைப் பெருக்கவைப்பதைவிட எளிதாக இருக்கிறது என்றே பொருள்.

கருத்தடையிலும் இதே கதை. பூனை ஐந்து மாதத்திலேயே சூல்கொள்ளக்கூடும், ஏறக்குறைய இரண்டு மாதத்தில் ஈனும். அதனால் ‘பெண்குட்டி வேண்டாம்’ என்று ஒதுக்குகிறார்கள். மீன் சந்தையோரம் சாக்கில் விடப்படும் குட்டிகளில் பெண்ணாகப் பிறந்த குற்றத்துக்காக வந்தவை பல. ஆண் பூனை வளர்ப்பவரிடம் அறுவை செய்தாயிற்றா என்று கேட்டால், “ஆம்பளைப் பூனைக்கு எதுக்கு? பாவம்” என்பார். ஆண் பூனைக்குச் செய்வது சில நிமிட வேலை. பெண் பூனைக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். மனிதர்களிலும் ஆணுக்குச் செய்வதே எளிய அறுவை. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் திருமணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆணின் கருத்தடை அறுவையை நம்பியிருந்த தம்பதியர் 0.3 விழுக்காடு. நான் பெண்ணையும் பூனையையும் ஒப்பிடவில்லை. இரண்டு இடத்திலும் முடிவெடுக்கும் கை ஒன்றுதான் என்கிறேன். ஆகவே ஆண் பூனை எடுத்தாலும் பெண் பூனை எடுத்தாலும் அறுவை செய்யுங்கள், குறிப்பாக ஆணுக்கு.

*

‘பாசமான’ என்ற பெயரடைக்குத் திரும்புகிறேன். பூனையோடு வாழ்ந்து நான் மதித்த குணம் அதன் பாசமன்று, அது மறுக்கும் விதம். வால் நுனியைச் சொடுக்கினால் நிறுத்து என்று பொருள். வயிற்றைக் காட்டிப் படுத்தால் நம்புகிறேன் என்று பொருள், தொடு என்று பொருளன்று. தொட்டுக் கீறல் வாங்கியவர்கள் “அதுதானே கூப்பிட்டது” என்பார்கள். இந்த வாக்கியத்தை நாம் காவல் நிலையங்களில் கேட்டிருக்கிறோம். மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் பூனையும் அப்படியே செய்யும், நெருங்கியும் வரும் என்று 2020இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு காட்டியது. நெருங்குவதற்கு வழி உண்டு, கேட்டுவிட்டு நெருங்குவது. பாசம் அதன் பதில். எடுப்பதற்கு முன்பே உத்தரவாதமாகக் கேட்கக்கூடியதன்று.

சங்கக் கவிஞர்களில் ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகையில் இரண்டு முறை வெருகைப் பார்த்திருக்கிறார். 139ஆம் பாட்டில் அந்திப்பொழுதில் வேலியோரம் வந்த வெருகைக் கண்டு கோழி அஞ்சித் தன் குஞ்சுகளை அழைக்கிறது. 220இல் முல்லையின் மொட்டு சிரிக்கும் வெருகின் பல்லாகத் தெரிகிறது. ஒரே பெண், ஒரே விலங்கு. ஓரிடத்தில் அச்சம், ஓரிடத்தில் அழகு. இரண்டிலும் வெருகு பெண்ணுக்கு உவமையில்லை. அது வெருகாகவே வந்து போகிறது. பூனையைப் பூனையாகப் பார்ப்பது நமக்குப் புதிய பாடமன்று. இடையில் மறந்துவிட்ட பாடம்.

எடுக்க விரும்பும் பெண்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கடையில் விலை கொடுத்துச் சீமைப்பூனை வாங்காதீர்கள். வேளச்சேரியிலும் அடையாறிலும் காப்பகங்களில் நாட்டுப்பூனைகள் காத்திருக்கின்றன. குட்டிதான் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். ஓராண்டு கடந்ததை எவரும் கேட்பதில்லை, அதனிடம் விளையாட்டு அப்படியே இருக்கும். முடிந்தால் இரண்டாக எடுங்கள், நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் ஒன்றுக்கொன்று துணை. மருத்துவருக்கென்று மாதம் ஒரு தொகை எடுத்துவையுங்கள். பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லும், லில்லிப் பூவும் கொல்லும், வெங்காயமும் பூண்டும் ஆகாது. மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, வெந்த நீரோடு கொடுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் பூனையை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். திருமணம் பேச வந்தால் பூனையும் வருகிறது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதற்கு மறுக்கும் வீடு வேறு எதையெல்லாம் மறுக்கும் என்பது அன்றே தெரிந்துவிடும்.

படிவம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜன்னல் வலையைக் கேளுங்கள், மருத்துவச் செலவைக் கேளுங்கள், ஆறு மாதம் கழித்து வீட்டுக்கே வந்து பாருங்கள். கணவர் அல்லது தந்தை என்ற வரியை அடித்துவிடுங்கள். நான் என் படிவத்தில் அதை அடித்துவிட்டு என் பெயரையே எழுதினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கூடையைக் கொடுத்தார்.